தேன், கிழங்கு, கல்பாசி... தளவாய்புரத்துக்கு மேற்கே ஒரு பளியர் உலகம்!

தளவாய்புரம் என்றதும் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நைட்டிதான். ராஜபாளையத்திலிருந்து அரை மணி நேர பஸ் பயணத்தில் வந்துவிடும் இந்த ஊரிலும், பக்கத்தில் இருக்கும் செட்டியார்பட்டி, முகவூரிலும் தெருவுக்குத் தெரு தையல் மெஷின் சத்தம் கேட்கும். வீட்டுத் திண்ணையில் துணி வெட்டுவார்கள். முன் அறையில் தைப்பார்கள். பின் அறையில் மடித்துக் கட்டுவார்கள். இங்கே தயாராகும் நைட்டியும் உள்பாவாடையும் மூட்டை மூட்டையாக லாரி ஏறி, வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போகின்றன.

இதே ஊரில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி மேற்கே பார்த்தால் நீலச் சுவர் போல மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கும். தைத்து முடித்து நிமிர்கிறவர்களுக்கு அந்த மலை ஒரு வானிலை அறிக்கை. மேகம் இறங்கினால் கண்மாய்க்குத் தண்ணீர் வரும். கோடையில் இரவில் சிவப்புக் கோடு தெரிந்தால் காட்டில் தீ என்று அர்த்தம். மற்றபடி அந்த மலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால், சாமி இருக்கிறது, யானை இருக்கிறது, அருவி இருக்கிறது என்று சொல்வார்கள். அங்கே மனிதர்களும் இருக்கிறார்கள் என்பது பலருக்கு அவ்வளவாக நினைவுக்கு வராது.

அவர்கள்தான் பளியர்கள். நம் வீட்டு பிரியாணிக்கு மணம் கொடுக்கும் கல்பாசியும், மருந்துக்குத் தேடும் மலைத்தேனும், நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் கடுக்காயும் பெரும்பாலும் இப்படிப்பட்ட மலைவாழ் மக்களின் கைகளைத் தாண்டித்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன.

மலைக்கு நான்கு வாசல்கள்

தளவாய்புரத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு மிக அருகில் இருப்பது தேவதானம் வழி. நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் இந்த ஊரில்தான் இருக்கிறது. எதிரி மன்னன் அனுப்பிய விஷம் தோய்ந்த ஆடையிலிருந்து பாண்டிய மன்னனைச் சிவபெருமான் காப்பாற்றினார் என்பது தல வரலாறு. துணியால் பிழைக்கும் ஊர்களுக்குப் பக்கத்தில் துணியை வைத்தே ஒரு கோயில் கதை! இங்கிருந்து மேற்கே போனால் சாஸ்தா கோவில் அணையும் ஆறும் வரும்.

இரண்டாவது, ராஜபாளையம் வழி. முடங்கியார் சாலையில் மேற்கே போனால் நகராட்சிக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். அதையும் தாண்டினால் நீர்காத்த அய்யனார் கோவில். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சேரும் இடத்தில், மரங்களுக்கு நடுவே கோயில் இருக்கிறது. அதற்கு அருகில்தான் ஒரு பளியர் குடியிருப்பும் இருக்கிறது.

மூன்றாவது, ஸ்ரீவில்லிபுத்தூர் வழி. ஆண்டாள் கோயிலின் உயர்ந்த ராஜகோபுரத்தைப் பார்த்துவிட்டு, பால்கோவா கடைகளைக் கடந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் செண்பகத்தோப்பு. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது. பேச்சியம்மன் கோயில், ராக்காச்சி அம்மன் கோயில், மீன்வெட்டிப்பாறை அருவி, இன்னும் உள்ளே காட்டழகர் கோயில் என்று ஒவ்வொன்றாக வரும். இங்குள்ள பளியர் குடியிருப்பு மலையடிவாரத்திலேயே இருக்கிறது.

நான்காவது, வத்திராயிருப்பு வழி. அத்திக்கோவில், தாணிப்பாறை என்று போகும் இந்தப் பாதையில்தான் சதுரகிரிக்கு ஏறுகிறார்கள். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கூட்டமாக பக்தர்கள் வரும்போது சுமை தூக்குவது, நடக்க முடியாதவர்களை டோலியில் சுமந்து ஏற்றுவது போன்ற வேலைகளில் பளியர்களைப் பார்க்கலாம்.

நான்கு வழிகளில் எதில் போனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கோயில், ஒரு ஆறு, ஒரு வனத்துறைச் சோதனைச் சாவடி. நகரத்து ஆட்கள் முதல் இரண்டுக்காக வருகிறார்கள். மூன்றாவதைத் தாண்டித்தான் பளியர்களின் அன்றாட வாழ்க்கை தொடங்குகிறது.

யார் இந்தப் பளியர்கள்?

தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடிகளில் ஒரு பிரிவினர் பளியர். விருதுநகர், மதுரை, தேனி, திண்டுக்கல், தென்காசி மாவட்டங்களின் மலைப்பகுதிகளிலும், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலும் வாழ்கிறார்கள். பேசுவது தமிழ்தான். ஆனால், உச்சரிப்பும் சில சொற்களும் நமக்குப் புதிதாக இருக்கும். 'பழையர்' என்ற சொல்லே பளியர் ஆனது என்று ஒரு விளக்கம் உண்டு. இந்த மலையின் பழைய குடிகள் என்று பொருள்.

இவர்களைப் பற்றிய எழுத்துப் பதிவுகள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கின்றன. பழனி மலைப் பளியர்களைப் பற்றி டாமன் என்ற பாதிரியார் 1908-ல் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் பளியர் இடம்பெற்றார்கள். பிறகு 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் பளியர்களிடையே தங்கி, அவர்களோடு நடந்து, சாப்பிட்டு, பல ஆண்டுகள் ஆராய்ந்தார். உலகப் பல்கலைக்கழகங்களில் பளியர் என்ற பெயர் தெரிந்திருப்பதற்கு அவர் எழுதிய நூல்களே முக்கியக் காரணம்.

ஒரு காலத்தில் பாறை இடுக்குகளிலும் புல் வேய்ந்த சிறு குடிசைகளிலும் வாழ்ந்தவர்கள் இவர்கள். ஓரிடத்தில் கிழங்கு குறைந்தால் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். இன்று பெரும்பாலானவர்கள் அடிவாரக் குடியிருப்புகளில், அரசு கட்டிக்கொடுத்த சிறிய கான்கிரீட் வீடுகளில் இருக்கிறார்கள். வீடு கீழே வந்துவிட்டது. வேலையும் சாமியும் இன்னும் மேலேதான்.

மண்ணுக்குள் ஒரு ரேஷன் கடை

ரேஷன் அரிசி வருவதற்கு முன்பு பளியர்களின் முக்கிய உணவு காட்டு வள்ளிக்கிழங்கு. கொடியைப் பார்த்தே கிழங்கு எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று கணித்துவிடுவார்கள். கூர்மையான கழியால், பிறகு இரும்புக் கம்பியால், பாறைகளுக்கு நடுவே ஆளுயரத்துக்குக்கூடத் தோண்ட வேண்டியிருக்கும். எடுத்த பிறகு கொடியோடு சேர்ந்த தலைப் பகுதியைக் குழியிலேயே விட்டு மண்ணைத் தள்ளி மூடும் வழக்கம் உண்டு. அடுத்த மழைக்கு அது மறுபடி துளிர்க்கும்.

கல்பாசியிலும் இதே கணக்குதான். பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும் இது உண்மையில் செடி கிடையாது. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பம். பாசி வெயிலில் உணவு தயாரிக்கும், பூஞ்சை ஈரத்தைப் பிடித்து வைத்துப் பாதுகாக்கும். ஆண்டு முழுக்க வளர்ந்தாலும் சில மில்லிமீட்டர்தான் பரவும். ஒரே பாறையை ஒட்டச் சுரண்டினால் அது மீண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் இடம் மாற்றி மாற்றி எடுக்கிற பழக்கம். செட்டிநாட்டுக் குழம்பில் ஒரு சிட்டிகை கல்பாசி போடும்போது, அது ஒரு பாறையின் பல வருட உழைப்பு என்பது நமக்குத் தெரிவதில்லை.

இவை தவிர நெல்லிக்காய், கடுக்காய், குங்கிலியம், ஈச்ச மாறு, மூலிகைகள் என்று பருவத்துக்கு ஒரு பொருள். மரமேறத் தெரியாதவர், காலடித் தடம் பார்க்கத் தெரியாதவர் இந்த வேலையில் இறங்க முடியாது. யானை போன வழியை அதன் சாணச் சூட்டை வைத்தும், கரடி இருக்கும் இடத்தைக் கரையான் புற்று உடைந்திருப்பதை வைத்தும் கண்டுகொள்ளும் அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

நான்கு வகைத் தேன்

கடையில் நாம் பார்ப்பதெல்லாம் 'தேன்' என்ற ஒரே பாட்டில். மலையடிவாரத்தில் கேட்டால் முதல் கேள்வியே, எந்தத் தேன் என்பதுதான்.

பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒரே பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேன். சிறு புதரிலும் கொம்பிலும் உள்ளங்கை அளவு அடையில் கிடைப்பது கொம்புத்தேன். மரப்பொந்துக்குள் அடுக்கடுக்காகக் கட்டுவது பொந்துத்தேன் அல்லது அடுக்குத்தேன். கொட்டாத, கொசு அளவே இருக்கும் தேனீ சேர்ப்பது கொசுத்தேன். அளவு மிகக் குறைவு, சற்றே புளிப்பு, நாட்டு மருத்துவத்தில் அதற்குத்தான் மவுசு அதிகம்.

இதில் உயிரைப் பணயம் வைத்து எடுப்பது மலைத்தேன். காட்டுக்கொடியைத் திரித்த கயிறு அல்லது கொடி ஏணியைப் பாறை உச்சியில் கட்டி, நிலவு இல்லாத இரவில் இறங்குவார்கள். பச்சை இலைகளைக் கட்டிப் புகைமூட்டம் போட்டால் தேனீக்கள் விலகும். மலைத்தேனீயின் அடையில் தேன் மேல் பகுதியில் ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கும். கீழே இருப்பது புழுக்களும் முட்டைகளும். தேன் இருக்கும் பகுதியை மட்டும் அறுத்தால் தேனீக்கூட்டம் பிழைத்துக்கொள்ளும். முழு அடையையும் அறுத்தால் ஒரு தலைமுறையே அழிந்துபோகும். பதம் தெரிந்த கை என்பது இதைத்தான்.

மேலே கயிற்றைப் பிடித்திருப்பது யார்? மலைத்தேன் எடுக்கும் பல பழங்குடிகளிடம், அது மனைவியின் உடன்பிறந்தவராக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் சொல்லப்படுகிறது. கயிறு அறுந்தால் தன் அக்காவோ தங்கையோ விதவையாகிவிடுவாள் என்பதால் மச்சான் கை தளராது! இன்ஷூரன்ஸ் கம்பெனி வருவதற்கு முன்பே மலைமக்கள் கண்டுபிடித்த இன்ஷூரன்ஸ் இது.

தேனுக்காக உயிரைப் பணயம் வைப்பவர்கள் இவர்கள் மட்டுமில்லை. நேபாளத்தின் குருங் மக்கள் இமயப் பாறைகளில் தொங்குகிறார்கள். தான்சானியாவின் ஹட்சா மக்களுக்கு ஒரு பறவையே தேன்கூட்டுக்கு வழிகாட்டுகிறது. ஆனால் எங்கே போனாலும் கதை ஒன்றுதான். இறங்குகிறவருக்குக் கிடைப்பது கொஞ்சம், பாட்டிலில் அடைத்து விற்பவருக்குக் கிடைப்பது அதிகம். நீண்ட காலம் மலைபடு பொருள்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் வைத்ததே விலையாக இருந்தது. அரிசி, துணி, முன்பணம் என்று கொடுத்துவிட்டு, கணக்கை அவர்களே எழுதிக்கொண்ட காலம் உண்டு.

பளியர்களுக்குப் பிடிக்காத ஒரே சொல்

கார்ட்னர் உலகத்துக்குச் சொன்ன செய்திகளில் மிக முக்கியமானது தேனோ கிழங்கோ இல்லை. பளியர்களின் குணம்! சண்டையைத் தவிர்ப்பதையே வாழ்க்கை முறையாக வைத்திருக்கும் மக்கள் என்று அவர் எழுதினார். இரண்டு பேருக்குள் மனக்கசப்பு வந்தால் ஒருவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார். கத்துவதும் கை நீட்டுவதும் அசிங்கம். அதிகாரம் செலுத்தும் தலைவர் என்று யாரும் இல்லை. கணவனும் மனைவியும் சமம். பிள்ளைகளை அடித்து வளர்ப்பதில்லை. சிறுவன் ஒருவன் தன் முடிவைச் சொன்னால் பெரியவர்கள் அதில் தலையிடத் தயங்குவார்கள்.

இதற்கெல்லாம் அடிப்படையாக அவர் பதிவுசெய்த ஒரு சொல் நமக்கும் தெரிந்த தமிழ்ச் சொல்தான்: 'தரக்குறைவா'. யாரையும் தரக்குறைவாக நடத்தக் கூடாது. அவ்வளவுதான் அவர்கள் சட்டம். பெரியவர், சிறியவர், ஆண், பெண் என்று யாராக இருந்தாலும் இன்னொருவரைத் தாழ்த்துவதுதான் பெரிய குற்றம்.

மலேசியாவின் செமாய் மக்களைப் போல, சண்டையின்றி வாழும் சமூகங்களைப் பற்றிய உலக ஆய்வுகளில் பளியர்களின் பெயரும் வருவது இதனால்தான்.

இந்தக் குணமே கீழே வந்தபோது அவர்களுக்குப் பாதகமாகவும் ஆனது. கூலி குறைவாகக் கொடுத்தால் சண்டை போட மாட்டார்கள், மறுநாள் வேலைக்கு வர மாட்டார்கள். விலையைக் குறைத்துக் கேட்டால் வாதாட மாட்டார்கள், ஒதுங்கிப் போவார்கள். காடு பெரிதாக இருந்தவரை ஒதுங்கிப் போக இடம் இருந்தது. அடிவாரத்தில் சில சென்ட் நிலத்துக்குள் வீடு வந்த பிறகு எங்கே ஒதுங்குவது?

ஒதுங்கிப் போவதை 'ஒன்றும் தெரியாதவர்கள்' என்று கீழே இருப்பவர்கள் புரிந்துகொண்டதுதான் சோகம். நரைத்த தலையுள்ள பளியப் பெரியவரைக்கூட 'ஏய், இங்க வா' என்று அழைக்கும் சுற்றுலாக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் கடைக்காரரை 'அண்ணாச்சி' என்கிறோம். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருக்கும் முன்பின் தெரியாத பாட்டியை 'ஆச்சி' என்கிறோம். மலையடிவாரத்துக்குப் போனதும் மட்டும் அந்த மரியாதை எங்கே போய்விடுகிறது?

பளிச்சியம்மனும் சாமியாடியும்

பளியர்களின் வழிபாட்டில் பெரிய கோபுரங்கள் கிடையாது. பாறைக்கு அடியில், மரத்தடியில், ஓடைக்கரையில் சில கற்களே தெய்வம். பளிச்சியம்மன் அவர்களின் முக்கியத் தெய்வம். கருப்பசாமியும் வனதேவதைகளும் துணைக்கு உண்டு. நோய் வந்தாலோ, காட்டில் ஒருவர் திரும்பாவிட்டாலோ சாமியாடியிடம் கேட்பார்கள். சாமி அவர்மேல் இறங்கி வந்து பதில் சொல்லும் என்பது நம்பிக்கை. அங்கும் சாமி உத்தரவு போடுவதைவிட ஆறுதல் சொல்வதே அதிகம்.

தேன் எடுக்கப் போகும் முன் வழிபாடு நடக்கும். எடுத்த முதல் தேனில் தெய்வத்துக்கும் பங்கு உண்டு. விழாக்களில் மேளமும் குழலும் சேர, வட்டமாக நின்று ஆடுவார்கள். கேரளத்தின் குமுளிப் பகுதியில் இந்த ஆட்டம் 'பளிய நிருத்தம்' என்ற பெயரில் மேடைகளுக்கும் வந்துவிட்டது. இந்தப் பக்கத்துப் பளியர்களின் ஆட்டத்துக்கு அப்படி ஒரு மேடை கிடைக்கவில்லை. அது அவர்களுக்காக அவர்களே ஆடிக்கொள்வது.

பழைய நாள்களில் கல்யாணமும் எளிமையானது. இருவருக்கும் பிடித்துச் சேர்ந்து வாழத் தொடங்கினால் அதுவே திருமணம். பிடிக்காவிட்டால் பிரிவதிலும் பெண்ணுக்குத் தடை இருந்ததில்லை. வரதட்சணைக்காகப் பெண்கள் எரிந்துபோன சமவெளியிலிருந்து பார்க்கும்போது, யார் யாருக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்ற கேள்வி வரத்தான் செய்கிறது.

அணிலுக்காக ஒரு காடு, புலிக்காக ஒரு காடு

செண்பகத்தோப்பில் அண்ணாந்து பார்த்தபடி கொஞ்சம் பொறுமையாக நின்றால் அதிர்ஷ்டம் இருப்பவர்களுக்கு ஒரு விருந்தாளி காட்சி கொடுக்கும். சாம்பல் நிற மலை அணில். வால் நீளம் உடம்பின் நீளத்துக்குச் சமம். கிளைக்குக் கிளை தாவியே வாழும். தரையில் இறங்குவது அபூர்வம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர வேறெங்கும் இல்லாத உயிரினம். இதைக் காப்பதற்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. வரையாடு, சிங்கவால் குரங்கு, யானை, காட்டெருமை, சிறுத்தை என்று இந்த மலையின் குடும்பம் பெரியது.

2021-ல் இந்தச் சரணாலயமும் தேனி மாவட்டத்து மேகமலைச் சரணாலயமும் இணைந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. தமிழ்நாட்டின் ஐந்தாவது, இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகம். வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதி இதற்குள் வருகிறது. மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தோடு காடு தொடர்கிறது. புலி வாழ்ந்தால் காடு வாழும், காடு வாழ்ந்தால் ஆறு ஓடும், ஆறு ஓடினால் ராஜபாளையத்துக் குழாயில் தண்ணீர் வரும். எல்லோருக்கும் நல்ல செய்திதான்.

ஆனால், காப்பகம் என்றால் கட்டுப்பாடு. எங்கே போகலாம், எதை எடுக்கலாம், எந்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற விதிகள் சுற்றுலாப் பயணிக்கு ஒரு நாள் சங்கடம். கிழங்கும் தேனும் எடுத்துப் பிழைப்பவருக்கோ அது வாழ்க்கைக் கேள்வி. வெளி ஆள்கள் வேட்டையாடுவதைத் தடுக்கப் போட்ட வேலி, உள்ளேயே வாழ்ந்தவர்களின் வழியையும் மறிக்கிறது.

கடல் தாண்டி இலங்கையிலும் இப்படி நடந்திருக்கிறது. 1983-ல் மதுரு ஓயா தேசியப் பூங்கா உருவானபோது, அந்தக் காட்டையே நம்பி வாழ்ந்த வேடர் சமூகத்தினர் பலர் ஹெனானிகலைக்குக் குடியேற்றப்பட்டார்கள். தம்பானையில் தங்கியவர்களும் தங்கள் காட்டுக்குள் அந்நியர்கள் ஆனார்கள். வேட்டையும் தேனும் போன பிறகு, சுற்றுலாப் பயணிகளுக்குத் தங்கள் வாழ்க்கையையே காட்சியாகக் காட்டும் நிலை அங்கே வந்தது.

இந்தியாவில் அதற்கு எதிராக ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதுதான் 2006-ல் நிறைவேறிய வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அவர்கள் பயன்படுத்தும் அளவுக்கு, அதிகபட்சம் நான்கு ஹெக்டேர் வரை உரிமை உண்டு என்கிறது அந்தச் சட்டம். தேன், கல்பாசி, நெல்லி போன்ற சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உள்ள உரிமை அவர்களுடையது. உரிமை கோரும் மனுவை முதலில் பார்க்க வேண்டியது கிராம சபை. புலிகள் காப்பகத்திலிருந்து மக்களைச் சம்மதமின்றி வெளியேற்றக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இது தாமதமானதற்கு ஒரு காரணம் உண்டு. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் உரிமைப் பட்டா வழங்க முடியாத நிலை இருந்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் வழி திறந்தது. எட்டு ஆண்டுகள்! அந்த எட்டு ஆண்டுகளில் மூத்தவர்கள் பலர் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்த ஓடை வரை தங்கள் கூட்டம் கிழங்கெடுத்தது என்று சாட்சி சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

சான்றிதழ் இல்லாத பழங்குடி

பளியர் பிள்ளைகள் இன்று பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால், மேல்படிப்புக்கும் வேலைக்கும் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். அதை வழங்குபவர் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரி. பெற்றோர் பள்ளிக்கே போகாத குடும்பத்தில் பழைய ஆவணங்களுக்கு எங்கே போவது? காட்டுக்குள் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்று ஏது? அன்றாடக் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் பலமுறை அலைய வேண்டும். வாதாடி வாங்கும் பழக்கம் இல்லாத மக்களுக்கு அந்த அலைச்சல் இரட்டைச் சுமை.

தோப்புக் காவல், தேங்காய் வெட்டு, மாங்காய் பறிப்பு, கட்டட வேலை என்று இளைஞர்கள் இப்போது கீழே இறங்குகிறார்கள். வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகவும் தீத்தடுப்புக் காவலர்களாகவும் சிலர் இருக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. காட்டை யாரைவிடவும் அறிந்தவர்களிடமே காட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது. அந்த வேலை நிரந்தரமாகவும், சம்பளம் மாதா மாதமும் வந்தால் நன்றாக இருக்கும் என்பதே அடிவாரத்து எதிர்பார்ப்பு.

இன்னொரு பக்கம், இளைஞர்களில் பலருக்கு மலைத்தேன் எடுக்கத் தெரியாது. உயிருக்கு ஆபத்தான வேலையைப் பிள்ளை செய்ய வேண்டாம் என்று பெற்றவர்கள் நினைப்பதில் தவறில்லை. எந்தப் பெற்றோரும் அப்படித்தான் நினைப்பார்கள். தளவாய்புரத்தில் மெஷின் மிதித்துக் கால் வலி கண்ட அம்மாவும், தன் மகள் இந்த மெஷின் முன் உட்கார வேண்டாம் என்றுதான் காலேஜுக்கு அனுப்புகிறார். ஆனால், தையல் தெரிந்தவர்கள் ஆயிரம் ஊர்களில் உண்டு. இந்த மலையின் எந்தப் பாறையில் எந்த மாதம் தேன் கட்டும் என்ற அறிவு இந்தக் குடியிருப்புகளில் மட்டும்தான் இருக்கிறது. அது போனால் வேறெங்கும் போய்க் கேட்க முடியாது.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* அருவிகளுக்கும் காட்டுக் கோயில்களுக்கும் வனத்துறை அனுமதிக்கும் நாள், நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மழை, காட்டுத்தீ, யானை நடமாட்டத்தைப் பொறுத்துத் திடீரென்று மூடப்படும். குறுக்கு வழியில் போகாதீர்கள். இது புலிகள் காப்பகம், தண்டனை உண்டு.

* கீழே வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்யலாம். அய்யனார் கோவில் ஆற்றின் மறுகரையில் சிக்கியவர்களைத் தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்ட சம்பவங்கள் பலமுறை நடந்துள்ளன. 2015 மே மாதம் சதுரகிரிப் பாதையில் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். தண்ணீர் கலங்கலாக வந்தாலோ, இலை தழைகள் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுங்கள். உள்ளூர்ப் பளியர் ஒருவர் போக வேண்டாம் என்றால், போகவே போகாதீர்கள்.

* குடியிருப்பு சுற்றுலாத் தலம் கிடையாது, அது அவர்கள் வீடு. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக நுழைய வேண்டாம். கேட்காமல் போட்டோ, ரீல்ஸ் எடுக்க வேண்டாம். குழந்தைகள் கையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்துப் படம் எடுத்துப் போடுவது உதவி ஆகாது.

* தேன் வாங்குவதாக இருந்தால் சேகரித்தவரிடமே வாங்குங்கள். எந்தத் தேன், எந்த மாதத்துத் தேன் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே நீங்கள் அவர் வேலையை மதிக்கிறீர்கள் என்று சொல்லிவிடும். பேரம் வேண்டாம். பாறையில் தொங்கியவரிடம் ஐம்பது ரூபாய் குறைத்து யாரும் பணக்காரர் ஆனதில்லை.

* பிளாஸ்டிக், மது பாட்டில் இரண்டும் வேண்டாம். உடைந்த கண்ணாடி மிளாவின் காலையும் கிழிக்கும், வெறுங்காலில் நடக்கும் பளியரின் காலையும் கிழிக்கும்.

* 'அண்ணாச்சி', 'அக்கா', 'தாத்தா', 'ஆச்சி' என்று கூப்பிட்டுப் பேசுங்கள். 'வாங்க, போங்க' போதும். மலையில் செல்லுபடியாகும் ஒரே நுழைவுச்சீட்டு அதுதான்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அய்யனார் கோவிலுக்கோ செண்பகத்தோப்புக்கோ கிளம்பும் குடும்பங்கள் இந்தப் பகுதியில் ஏராளம். கட்டுச்சோறு, குளியல், சாமி தரிசனம், சாயங்காலம் வீடு. அந்த ஒரு நாளில் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். சரணாலயம் அறிவிக்கப்பட்ட தேதி பலகையில் எழுதியிருக்கும். அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே அந்தக் காட்டுக்குள் வீடு இருந்தவர்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். யாரையும் தரக்குறைவாக நடத்தாத ஒரு கூட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுக்க, உலகத்தில் ரொம்ப தூரமெல்லாம் போக வேண்டியதில்லை. தளவாய்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறினால் போதும்.